ஏழு முருகா நீளம்

எழுபதாவது சுற்றைத் தாண்டிவிட்டால் மணிபாரதியை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வாசலில் வண்டியை நிறுத்தி "அண்ணா, அண்ணோவ்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் தலை அசையாது. இடது கை விரலிடுக்கில் செப்புக் கம்பி வழுக்கி வந்துகொண்டிருக்கும். வலது கை சின்னக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முருகா. எழுபத்தொன்று முருகா, எழுபத்திரண்டு முருகா என்று எண்ணுவதில்லை. வெறும் முருகாதான். எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்பது அவருக்கும் அந்த ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும். நூற்றெட்டு முடிந்ததும் கம்பியை நறுக்கி, சுருளாகிவிட்ட காயிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ம், இப்ப சொல்லு. இன்னா?" என்பார்.

ஒதியம்பட்டில் வாய்க்கால் மதகுக்கு எதிரே தகரம் போட்ட கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. கார் ஸ்பீக்கருக்கு கிராஸ் ஓவர் கட்டுகிறவர் வீடு எது என்று கேட்டால், பல் துலக்கிக்கொண்டிருக்கிறவர்கூட பிரஷ்ஷை எடுக்காமல் கையைக் காட்டிவிடுவார். வில்லியனூர்ப் பக்கத்து வாடகைக் கார்கள், திருபுவனைக்கு ஆள் ஏற்றும் வேன்கள், பாகூரிலிருந்து ஆசைக்கு வாங்கிய பழைய கார்கள், எல்லாம் அந்தப் புளியமரத்து நிழலில் வந்து நிற்கும்.

கிராஸ் ஓவர் என்றால் என்ன என்று விவரம் தெரியாதவர்கள் கேட்டால் மணிபாரதிக்கு உற்சாகம் வந்துவிடும்.

"தேர் அன்னிக்கு வில்லியனூருல போலீஸ்காரு இன்னா பண்றாரு? கயிறு கட்டி வண்டிய அந்தாண்ட வுடுறாரு, சனத்த இந்தாண்ட வுடுறாரு. அதான் இது. தடியான சத்தமா, நீ பெரிய ஸ்பீக்கருக்குப் போ. மெலிசான சத்தமா, நீ சின்னதுக்குப் போ. ரெண்டும் ஒரே சந்துல நொழஞ்சிதுன்னு வையி, சின்னது செத்துடும். இதுக்குன்னு தனியா கரண்டும் கெடையாது. பாட்டோட வர்ற கரண்டே போதும்."

அவர் சின்னது என்று சொல்வது ட்வீட்டரை. ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாக, கார்க் கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கும். பலகைத் துண்டு ஒன்றில் அவர் கட்டித் தருவது மொத்தமே மூன்று வகைச் சாமான்கள்தான். தடித்த சத்தத்துக்கு வழி விடும் காயில். மெலிந்த சத்தத்துக்கு வழி விடும் கண்டன்சர். ட்வீட்டர் அளவுக்கு மீறிக் கத்தாமல் இழுத்துப் பிடிக்க, சாக்பீஸ் துண்டு போல வெள்ளையாக ஒரு ரெசிஸ்டர். இந்த ரெசிஸ்டருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கடிவாளம். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட கடிவாளம் இறுகும்.

காயில் மட்டும் ஒரு பலகைக்கு இரண்டு. ஒன்றைப் படுக்க வைப்பார், இன்னொன்றை நிற்க வைப்பார். பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி வைக்க மாட்டார். "சம்பந்திங்க மாதிரிப்பா. மூஞ்சிக்கு மூஞ்சி உக்கார வெச்சா பேச்சு வளரும்." கம்பி அவிழாமல் இருக்க மேலே மெழுகு உருக்கி ஊற்றுவார். அந்த மெழுகு வேன் ஓட்டும் அந்தோணிசாமி கொண்டுவந்து கொடுப்பது. வில்லியனூர் மாதா கோயிலில் எரிந்து மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகள். முருகா சொல்லிச் சுற்றியது மாதா மெழுகில் நிற்கிறது என்று அந்தோணிசாமி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

மணிபாரதி படித்தது ஐந்தாம் வகுப்பு. பம்புசெட் மோட்டார் காயில் கட்டும் கடையில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். நூற்றெட்டு அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வந்த எஞ்சினீயர் பையன் போனில் கணக்குப் போட்டு, "பாயிண்ட் த்ரீ வரணும்ணா, ஒங்களுது எவ்ளோ?" என்று கேட்டான். அவரிடம் மீட்டர் இல்லை. அவனே கொண்டு வந்த மீட்டரில் காயிலை வைத்தான். பாயிண்ட் த்ரீ. பையன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மணிபாரதி காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்து, "அவருக்குத் தெரியாதா?" என்றார். குழாயின் அளவையும் கம்பியின் தடிமனையும் கண்டுபிடிக்க ஒரு வருஷம் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பிரித்ததை அவர் சொல்லவில்லை. அந்தப் பெருமையையும் மயில் வாகனனிடமே விட்டுவிட்டார்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. சினிமாப் பாட்டு போட மாட்டார். ஊர் முருகன் கோயிலில் கிருத்திகை பஜனையைத் தன் போனில் பதிந்து வைத்திருக்கிறார். டோலக்கு பெரிய ஸ்பீக்கருக்கு, ஜால்ரா சின்னதுக்கு. பஜனை முடியும்போது ஜால்ராவில் கடைசியாக ஒரு தட்டு விழும். அதன் பிறகு யாரும் பாட மாட்டார்கள், இருமக்கூட மாட்டார்கள். அந்த ஒரு தட்டு மட்டும் ணங்ங்ங் என்று இழுத்துக்கொண்டு போய்த் தேயும். அது தேய்கிற வரைக்கும் அவர் உதட்டுக்குள் முருகா சொல்வார். ஏழு வந்தால் பலகை சரி. ஆறு வந்தால் எங்கோ ஈயம் சரியாக ஒட்டவில்லை, பிரித்துப் போடுவார். "ஏழு முருகா நீளம் இருக்கணும்டா. அதான் ஐ.எஸ்.ஐ." என்பார்.

போன வருஷம் ஐப்பசியில் ஏழு ஆறானது. ஈயத்தை மாற்றினார். கார்த்திகையில் ஐந்தரை. கண்டன்சர் வாங்குகிற கடையை மாற்றினார். "இப்ப வர்ற சரக்குல உசுரே இல்ல" என்று சொல்லிச் சொல்லி மூன்று கடை மாறினார். தையில் நான்கு. அந்த மாதமே கடிவாளத்தில் கை வைத்தார். மூன்றாம் நம்பர் போட்ட இடத்தில் இரண்டு போட்டார். இரண்டு போய் ஒன்று ஆயிற்று. கடைசியில் கடிவாளமே இல்லாமல் நேராகக் கம்பியை இழுத்துவிட்டார். ஜால்ரா கொஞ்சம் நீளமாகக் கேட்டது. "இப்ப பேசுது பாரு" என்று முகம் மலர்ந்து பெஞ்சைத் தட்டினார்.

அவர் மனைவி தனக்கொடி இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றுகிறாள். அவர் சோதனைக்கு போனை எடுத்தாலே அவள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். சுத்தக்காரி என்று மணிபாரதி வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இந்த ஆவணியில் அபிஷேகப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். பக்கத்துத் தெரு எழிலரசன்தான் அவனுடைய வாடகைக் காரில் இருவரையும் அழைத்துப் போனான். மணிபாரதி முன்சீட்டு. ஆறு மாதத்துக்கு முன் அவரே கட்டிக் கொடுத்த வண்டி. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலத் திரும்பிப் பார்த்தவர், கண்ணாடி ஓரத்து ட்வீட்டரின் வாயில் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்தார்.

"இன்னாடா எழிலு, இதுக்கு இன்னா அடிபட்டுச்சா?"

"இல்லண்ணா. வெயிலு. நேரா அடிக்குதில்ல, சூடாவுது."

மணிபாரதி எதிர்ப்பக்கத்து ட்வீட்டரைப் பார்த்தார். அங்கேயும் பிளாஸ்திரி. "ரெண்டு பக்கமும் வெயிலா? ஒனக்கு மட்டும் ரெண்டு சூரியனா?"

எழிலரசன் தேவையில்லாமல் கியரை மாற்றினான். பின்சீட்டில் தனக்கொடி கரும்புக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்து வாசலில் அந்தோணிசாமியின் வேன் நின்றது. மணிபாரதி தாலி கட்டுவதைப் பார்க்கப் போகவில்லை. வேன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்து உள்ளே பார்த்தார். இரண்டு ட்வீட்டரிலும் பஞ்சு உருண்டை அடைத்திருந்தது.

வெற்றிலை போட்டுக்கொண்டு வந்த அந்தோணிசாமியிடம், "உசுரோட இருக்கறதுக்கு எதுக்குப்பா பஞ்சு வெச்சிருக்க?" என்று கேட்டார்.

அந்தோணிசாமிக்குப் பொய் வராது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தோளில் கை போட்டார். "கோச்சிக்காத மணி. கம்பெனில ஷிப்டு முடிச்சி வர்ற பொண்ணுங்க தல வலிக்குதுன்னு சொல்லுதுங்க. கத்தி சாணை புடிக்கிற மாதிரி இருக்குதாம்."

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் முடிஞ்சி நீ புதுசா போட்டியே, அப்பலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சாமி பேரு சொல்லிச் சொல்லிச் சுத்துற. அதுல போயி கொற இருக்குதுன்னு நான் சொன்னா எனக்குப் பாவம் வந்து சேராதா?"

திரும்பி வரும்போது மணிபாரதி அந்தப் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டு வந்தார். எழிலரசன் பாட்டுப் போடவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனார். கடிவாளம் இல்லாத பலகை ஒன்றில் சோதனை ஸ்பீக்கரை மாட்டினார். தனக்கொடி வழக்கம் போலப் பாத்திரத்தை எடுத்தாள்.

"போவாத தனம். இங்கியே நில்லு."

பஜனை ஓடியது. கடைசித் தட்டு விழுந்தது. மணிபாரதி கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினார். "நின்னுடுச்சி."

"இன்னும் நிக்கல" என்றாள் தனக்கொடி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சுளித்திருந்தது. "இன்னும் போவுது... இன்னும்... ம். இப்ப நின்னுச்சி."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேலே அட்டைப் பெட்டியில் மூன்று கடைக் கண்டன்சர்களும் அடுக்கி இருந்தன. குற்றமே செய்யாத சரக்கு.

"ஒனக்குத் தெரியுமா?"

"தையிலியே சொன்னேன். ஊசி குத்துற மாதிரி இருக்குதுங்கன்னு. கண்டன்சர் சரியில்லன்னீங்க. அப்புறம் எதுக்குன்னு தோட்டத்துக்குப் போயிடுவன்."

மணிபாரதி வாய்க்கால் பக்கம் பார்த்தார். "சிள்வண்டு கத்துதா?"

தனக்கொடி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாக, "மழ பேஞ்ச நாள்லேர்ந்து கத்துதுங்க. இப்பவும்தான்" என்றாள்.

அவருக்கு வாய்க்கால் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கேட்டது. மாடு வாலை அடிப்பது, சாலையில் பஸ் பிரேக் போடுவது, அவள் மூச்சு விடுவது எல்லாம் கேட்டது. மேலே இருக்கும் அந்த ஒரு மெல்லிய சத்தத்தை மட்டும் ஆண்டவன் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் தனக்கொடி காபியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்த பேச்சு. "இதப் பாருங்க. வெளியில மூச்சு வுடாதீங்க. கண்டன்சர் மோசம், மாத்திக் குடுக்குறன்னு சொல்லி எல்லா வண்டியும் வரவழச்சி சரி பண்ணிடுங்க. காது போன ஆளுகிட்ட எவன் ஸ்பீக்கரக் குடுப்பான்? நாளைக்கு நம்ம வூட்டு வாசல்ல எவன் வந்து நிப்பான்?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மணிபாரதியும் தலையை ஆட்டினார். கம்பியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். பத்துப் பன்னிரண்டு சுற்று போனதும் கை நின்றது. நடுவில் அவர் கை நின்று தனக்கொடி பார்த்ததே இல்லை.

"இந்த வாயால முருகான்னும் சொல்லி, அந்தப் பொய்யும் எப்படி தனம் சொல்றது?"

ஐப்பசிக்குப் பிறகு அவர் கை பட்டது பதினோரு வண்டி. ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். எல்லாரிடமும் ஒரே பேச்சு. "நான் மணிபாரதி. எனக்கு மெலிசு சத்தம் காதுல வுழறது நின்னு போச்சி. தெரியாம அந்தக் கொறய ஒன் வண்டில ஏத்திட்டன். கொண்டாந்து வுடு, சரி பண்ணித் தரன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் "அதெல்லாம் நல்லாத்தாண்ணா இருக்குது" என்று பதறினார்கள். பாகூர்ப் பையன் ஒருவன் மட்டும், "அய்யோ கை வெச்சிடாதண்ணா, காது கிழியற மாதிரி இருக்கறதுதான் எனக்குப் புடிச்சிருக்குது" என்றான். அவனை என்ன செய்வதென்று மணிபாரதிக்கு இன்றுவரை தெரியவில்லை.

சேதி வாய்க்கால் தண்ணீரை விட வேகமாகப் போயிற்று. ஒரு வாரம் புளியமரத்தடியில் ஒரு டயர்த் தடமும் விழவில்லை. மணிபாரதி கொட்டகையைப் பெருக்கினார். சாமி படத்தைத் துடைத்தார். சுற்றுவதற்கு வேலை இல்லாததால் சும்மா உட்கார்ந்து முருகா சொன்னார். தனக்கொடி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

எட்டாம் நாள் எழிலரசன் வந்தான். வண்டியை நிழலில் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நீ கட்டுறதுல எனக்கு சந்தேகம் இல்லண்ணா. ஆனா கட்டி முடிச்சி, சரியா இருக்குதா இல்லியான்னு யாரு கேட்டுச் சொல்றது?"

"ஒங்க அண்ணி."

எழிலரசன் திரும்பிப் பார்த்தான். அண்ணி முழங்கை வரைக்கும் சாணியோடு நின்றாள்.

"அய்ய, எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் தனக்கொடி. "பால் பொங்குற சத்தம் தெரியும். மாடு செனைக்குக் கத்துதா, பசிக்குக் கத்துதான்னு தெரியும். ஸ்பீக்கரப் பத்தி நான் இன்னாத்தக் கண்டன்?"

"பசிக்குக் கத்துதா, வேற எதுக்குக் கத்துதான்னு தெரியுதில்ல? அதான் வேணும். கையக் கழுவிட்டு வா."

அவள் கை கழுவி, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நல்லா சாஞ்சி உக்காருங்க அண்ணி, நம்ம வண்டிதான்" என்றான் எழிலரசன். "ஓட்டிட்டுப் போயிடுவன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தாள். மணிபாரதி ட்வீட்டரில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை இரண்டு பக்கமும் உரித்தெடுத்தார். பசை பிசுபிசுப்பை வேட்டி நுனியால் துடைத்தார். ஒரு தட்டில் கடிவாளங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, திறந்த கதவுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி உட்கார்ந்தார். ஸ்பீக்கர் எதிரே இருந்தது. அவர் தனக்கொடியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிவாளம் இல்லாமல் போட்டார். இரண்டு புருவத்துக்கும் நடுவில் கோடு விழுந்தது. ஒன்றாம் நம்பரை கிளிப்பில் மாட்டினார். கோடு இருந்தது. இரண்டு. கோடு லேசானது. மூன்று. கோடு போய்விட்டது, பொட்டு மட்டும் இருந்தது. சந்தேகத்துக்கு நான்கையும் மாட்டிப் பார்த்தார்.

"ம்ஹூம்" என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். "போர்வைக்குள்ள உக்காந்து தட்டுற மாதிரி இருக்குது. முன்ன வெச்சதையே வையிங்க."

மணிபாரதி தட்டிலிருந்து மூன்றாம் நம்பரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு காலத்தில் அவர் கை பார்க்காமலே எடுத்த நம்பர் அது. மாட்டினார். பஜனை மறுபடி ஓடியது. டோலக்கு அடங்கியது. பாடியவர்கள் நிறுத்தினார்கள். ஜால்ராவில் கடைசித் தட்டு விழுந்தது.

"நிக்கிற வரைக்கும் வெரலத் தூக்கி வெச்சிக்க தனம்" என்றார்.

தனக்கொடி ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். கழுவியும் நகக்கண்ணில் கொஞ்சம் சாணி ஒட்டியிருந்தது. மணிபாரதிக்குச் சத்தம் சீக்கிரமே நின்று போனது. விரல் நின்றுகொண்டிருந்தது. அவர் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல் உதட்டுக்குள் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான்கு. ஐந்து. எழிலரசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு.

ஏழாவது முருகாவில் விரல் மெல்ல மடங்கியது.